தவிட்டில் போனதும் பாக்கெட்டில் வந்ததும்

ஒரே நெல்லிலிருந்து கைக்குத்தல் அரிசி வருகிறது. புழுங்கல் அரிசி, பச்சரிசி, அவல், பொரி எல்லாம் வருகின்றன. பெட்டிக்கடை வாசலில் காற்றடைத்த பையில் மசாலா தூவித் தொங்கும் குழந்தைகள் நொறுக்குத்தீனியும் அதிலிருந்தே வருகிறது. எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பதப்படுத்தியவைதான். அதனால் ‘பதப்படுத்திய உணவே வேண்டாம்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்துக்கு வழி தெரியாது. இட்லி மாவும் பதப்படுத்தியது. வற்றல், வடகம், ஊறுகாய், கருவாடு எல்லாமும் அப்படித்தான். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது, வெயிலில் உலர்த்துவது, வறுத்து இடிப்பது என்று நம் அடுக்களையின் பாதி வேலை இதுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தப் பொருளிலிருந்து எதை எடுத்துவிட்டார்கள்? எதைப் புதிதாகச் சேர்த்தார்கள்? இவற்றைக் கேட்கப் பழகிவிட்டால், கடையில் எதை வாங்குவது எதை விடுவது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதல் கேள்விக்கு அரிசியைவிட நல்ல பாடம் கிடையாது. 1890களில் ஜாவா தீவின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். கை கால் மரத்துத் தளர்ந்து, இதயம் பழுதாகி மனிதர்களைக் கொன்ற நோய் அது. ஏதோ கிருமிதான் காரணம் என்று அப்போது பலரும் நம்பினார்கள். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் திடீரென்று கால் விழுந்தது. சில மாதங்கள் கழித்து, மருந்து எதுவும் தராமலே தேறிவிட்டன. விசாரித்ததில் காரணம் தீவனத்தில் இருந்தது. நோய் கண்ட காலத்தில் கோழிகள் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றைத் தின்றிருக்கின்றன. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குப் போடமாட்டேன் என்று நிறுத்தியிருக்கிறார். மறுபடி தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற அந்தத் தடயம்தான் பிறகு தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ அடையாளம் காண வழிகாட்டியது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கத்திலும் இதே ஆராய்ச்சி நடந்தது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் தலைமையில், பெரிபெரி பற்றிய விசாரணை தொடங்கியது. அந்த ஓரறை வேலைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவவில்லை. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட கடலோர மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கரையில், நோய் வேரூன்றியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிது.

நெல்லின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். வெளியே உமி; அதை யாரும் தின்ன முடியாது. அதற்குள் தவிட்டுப் படலம், ஓர் ஓரத்தில் முளைக்கரு. நடுவில் பெரும்பகுதியாக மாவுச்சத்து. நார்ச்சத்து, பி வகை வைட்டமின்கள், தாதுக்கள், எண்ணெய் ஆகியவற்றில் பெரும்பங்கு தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிறது. பச்சை நெல்லை அப்படியே அரைத்துத் தீட்டினால் அவை எல்லாம் தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன. நெல்லை முதலில் ஊறவைத்து, ஆவியில் புழுக்கி, உலர்த்தி, அதற்கப்புறம் அரைத்தால் கதை வேறு. தண்ணீரில் கரையும் தயமின், புழுக்கும்போதே தவிட்டிலிருந்து நடுப்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளே தங்கும். தீட்டிய பச்சரிசியோடு ஒப்பிட்டால் புழுங்கல் அரிசியில் தயமின் ஏறக்குறைய மூன்று மடங்கு. நுண்ணோக்கியும் வைட்டமின் பட்டியலும் இல்லாத காலத்தில், நெல் குத்தினால் நொறுங்காமல் இருக்கவும் நீண்ட நாள் வைத்திருக்கவும் நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி உயிர்காத்த வழியாகவும் இருந்திருக்கிறது. பதப்படுத்துதல் எப்போதும் உணவைக் கெடுக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியாது.

அன்றாடச் சோற்றுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. பச்சரிசியைவிடப் புழுங்கல் மேல். ‘பால் வெள்ளை’ அரிசியைவிட மங்கலான அரிசி மேல். மில்காரர் கேட்டால் ஒரு தீட்டலோடு நிறுத்தச் சொல்லலாம். கைக்குத்தல் அரிசி கிடைத்தால் அதைத் தனியாகச் சமைத்து முதல் நாளே குடும்பத்தையே மிரட்ட வேண்டாம். ஊறவைத்து, வழக்கமான அரிசியோடு நாலில் ஒரு பங்கு கலந்து தொடங்கலாம். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக்கவுனி போன்ற நாட்டு ரகங்களை நெல் ஜெயராமன் போன்றவர்கள் தேடித் தேடி மீட்டதால்தான் இன்று கடையில் அவற்றைப் பார்க்கிறோம். அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவற்றின் சிவப்பும் கறுப்பும் தவிட்டில்தான் இருக்கின்றன. வெளுக்கத் தீட்டிய மாப்பிள்ளைச் சம்பாவை இரட்டை விலைக்கு வாங்கினால், காசு பெயருக்குத்தான் போகும். விலை கட்டாத குடும்பம் நாட்டு ரகம் வாங்கவில்லையே என்று வருந்தவும் தேவையில்லை. சாதாரணப் புழுங்கல் அரிசியோடு பருப்பும் கீரையும் இருந்தால் அது நல்ல சாப்பாடு.

இன்னொன்று, வடிகஞ்சி. அரிசியைப் பலமுறை கசக்கிக் கழுவி, நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால், மிஞ்சிய தயமினில் நல்ல பங்கு தண்ணீரோடு போய்விடும். ஒருமுறையோ இருமுறையோ கழுவினால் போதும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கம் இருந்த வீடுகள் சத்தையும் சேர்த்தே குடித்தன.

பழைய சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி ஊறிய சோற்றில் இரும்புச்சத்து பல மடங்கு பெருகிவிடுகிறது என்ற செய்தி கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் ஒரே இரவில் அது புதிதாகப் பிறக்க முடியாது. நொதித்தலில் நடப்பது வேறு. தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பு, துத்தநாகம் போன்றவற்றைப் பிடித்துவைத்து, உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. புளிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. உள்ள இரும்பில் கூடுதல் பங்கு உடம்பில் சேர வழி உண்டாகிறது. இட்லி மாவிலும் இதுவே நடக்கிறது. லூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் மாவைப் பொங்கச் செய்து புளிப்பாக்குகின்றன, உளுந்தின் புரதத்தையும் செரிக்க எளிதாக்குகின்றன. உண்மையே போதுமான அளவுக்கு நன்றாக இருக்கும்போது மிகைப்படுத்த வேண்டிய தேவை என்ன? மிகை ஒருநாள் வெளிப்பட்டால், நல்ல உணவின் மீதும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை போய்விடும்.

இனி இரண்டாவது கேள்வி: எதைச் சேர்த்தார்கள்? பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவர் குழுவினரும் உணவுகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நோவா என்பது அந்தப் பகுப்பின் பெயர். முதல் வகையில் தானியம், பருப்பு, காய், பால், மீன், முட்டை போன்றவை. அடுத்தது எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்ற சமையல் பொருட்கள். மூன்றாவது, முதல் இரண்டும் சேர்ந்த ஊறுகாய், பாலாடைக்கட்டி மாதிரியானவை. நான்காவது வகைதான் கவனிக்க வேண்டியது. தானியத்தையும் கிழங்கையும் மாவுச்சத்து, சர்க்கரைப் பாகு, புரதத் தூள் என்று உடைத்துப் பிரித்து, பிறகு மணமூட்டி, நிறமூட்டி, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருட்கள் சேர்த்து, ஆலையில் மறுபடி கட்டி எழுப்பியவை. அதீதமாகப் பதப்படுத்தியவை என்று இவற்றைச் சொல்கிறார்கள். வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருள் பாக்கெட்டின் சீட்டில் இருந்தால் அது பெரும்பாலும் நான்காம் வகை.

சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மட்டும்தான் சிக்கலா, அல்லது இந்தக் கட்டி எழுப்புவதிலேயே சிக்கல் இருக்கிறதா? இதைச் சோதிக்க அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்து 2019-இல் வெளியிட்டார். 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. விரும்பியதை விரும்பிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக ஏறக்குறைய 900 கிராம் எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. பாக்கெட் உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டிய வேலையை ஆலையே செய்து முடித்துவிடுவதால், போதும் என்று வயிறு சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். சிறிய ஆய்வுதான். ஆனாலும், பிஸ்கட் பாக்கெட்டை இரண்டோடு நிறுத்த முடியாத பிள்ளையைப் பேராசைக்காரன் என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் சட்டம். பின்பக்கத்தில் பொருட்களை எடை வரிசையில்தான் எழுத வேண்டும். அதிகம் உள்ளது முதலில். பெரும்பாலான சீட்டுகள் ஆங்கிலத்திலேயே இருப்பதால் சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ‘ரீஃபைன்ட் வீட் ஃப்ளோர்’ என்பது மைதா. ‘பாமோலின்’ என்பது செம்பனை எண்ணெய். ‘இன்வர்ட் சிரப்’, ‘லிக்விட் குளுக்கோஸ்’, ‘டெக்ஸ்ட்ரோஸ்’ எல்லாம் சர்க்கரையின் வேறு வேறு வேடங்கள்; ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ இரத்தத்தில் சர்க்கரையைப் போலவே வேகமாக ஏறும் மாவுப்பொருள். சர்க்கரையை மூன்று பெயராகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் வரிசையில் கீழே போய்விடும். கூட்டினால்தான் முதலிடம் யாருக்கு என்று தெரியும். சோடியம் எவ்வளவு என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால் அது 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உடனடி நூடுல்ஸ் இரண்டு நிமிடத்தில் வேகுவதற்குக் காரணம், அது ஆலையிலேயே வேகவைத்து எண்ணெயில் பொரித்து வந்திருப்பதுதான்.

‘சிறுதானிய பிஸ்கட்’, ‘கேழ்வரகு குக்கி’, ‘மல்டிகிரெய்ன்’ என்று எழுதியிருக்கும் பாக்கெட்டுகளில் இந்தப் பின்பக்க வாசிப்பு மிக அவசியம். எந்தத் தானியத்தின் பெயரை முன்னால் பெரிதாகப் போட்டிருக்கிறார்களோ அதன் சதவீதம் பின்னால் இருக்கும். மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் போக, பெயர் கொடுத்த தானியம் பத்துக்கும் குறைவாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களும் இந்த ரகம்தான். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை உள்ளவை உண்டு. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வகைக்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிகத் துறை, இணைய விற்பனைத் தளங்கள் அந்தத் தலைப்பின் கீழிருந்து இத்தகைய பானங்களை நீக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. எத்தனை வருடம் எத்தனை தாய்மார் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அந்த டப்பாக்களை வாங்கியிருப்பார்கள் என்று எண்ணினால் கோபம் வருகிறது.

சரி, மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது? மதியச் சாப்பாட்டிலிருந்து வேண்டாம் என்பது என் கருத்து. நம் வீடுகளில் மதியம் இன்னும் சோறு, குழம்பு, கூட்டு, பொரியல்தான். பெரிய கேடு அங்கே நுழையவில்லை. கேடு நுழைந்தது மாலை நாலு மணியில். பள்ளி விட்டுப் பசியோடு வரும் பிள்ளை, கையில் பத்து ரூபாய், தெருமுனையில் கடை. காலை அவசரத்தில் பாலும் பிஸ்கட்டும், டிபன் பாக்ஸில் ஜாம் தடவிய ரொட்டி, மாலையில் பொட்டலம், ராத்திரி பசியில்லாமல் தட்டை ஒதுக்குவது என்று ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்திருக்கின்றன. நாலு மணியைச் சரிசெய்தால் ராத்திரிச் சாப்பாடு தானாகவே பாதி சரியாகும்.

அந்த நேரத்துக்கு நம்மிடம் இருப்பவை ஏராளம். தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கொள்ளு என்று ஐந்து நாளைக்கு ஐந்து சுண்டல். காலையில் ஊறப்போட்டு, மாலையில் குக்கரில் மூன்று விசில் விட்டு, கடுகு தாளித்துத் தேங்காய் தூவினால் முடிந்தது. அவித்த நிலக்கடலை. சீசனில் சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு, மரவள்ளி. அவலை நனைத்து வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்தால் அடுப்பே வேண்டாம். பொட்டுக்கடலையும் பொரியும் கலந்து ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கலாம். மீந்த இட்லி மாவில் வெங்காயம், துருவிய கேரட் போட்டுக் குழிப்பணியாரம். கொய்யா, நெல்லி, வாழைப்பழம். கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் கடலைமிட்டாய் வாங்கலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் வெல்லம் இருக்கிறது என்றாலும் பெரும்பகுதி கடலை, சீட்டில் இருப்பதெல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள். நிலக்கடலையில் நாலில் ஒரு பங்கு புரதம். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்டு. பொடித்துத்தான் தர வேண்டும்.

அடுத்து சிறுதானியம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, முன்மொழிந்தது இந்தியா. அந்த ஆண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் ஏற்பாடும் வந்தது. வாங்கப் போகும்போது மனதில் வைக்க வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றுக்கும் நெல்லைப் போன்ற உமி கிடையாது. கதிரடித்தால் தானியம் வெறுமையாகவே வரும், முழுதாக அரைக்கலாம். வரகு, சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் உமி உண்டு. அதை நீக்கியே ஆக வேண்டும். நீக்கும் எந்திரத்திலேயே தவிட்டையும் சேர்த்துத் தீட்டி, பளபளவென்று வெள்ளையாக்கி விற்பது வழக்கமாகிவிட்டது. தீட்டிய சாமை, தீட்டிய அரிசியைவிடப் பெரிதாக எதையும் தராது. லேசான பழுப்பு, மங்கிய மஞ்சள் நிறம் இருந்தால் தவிடு இருக்கிறது என்று கொள்ளலாம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அத்தகைய தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதனால்தான் கடைக்காரர்கள் வெள்ளையை விரும்புகிறார்கள். கொஞ்சமாக வாங்கி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கம்பு மாவு சில நாளிலேயே கசக்கும் என்பதால் கம்பைத் தானியமாக வைத்திருந்து அவ்வப்போது அரைப்பதே வழி.

கையில் காசு குறைவாக உள்ள குடும்பம் எதையாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், நான் கேழ்வரகைச் சொல்வேன். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் இருப்பது பத்து மில்லிகிராம் அளவு. தீட்ட முடியாத அளவுக்குச் சின்ன மணி என்பதால் தவிடு போகாமல் நம் கைக்கு வருகிறது. களி, கூழ், புட்டு, இடியாப்பம், தோசை என்று எதுவும் வரும். முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்ட கேழ்வரகு அடை, எண்ணெய் குறைவாக விட்டுச் சுட்டால், காலைக்கும் மாலைக்கும் பொருந்தும்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பின் தரும் கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு நுட்பம் இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைப்பது பாட்டிமார் வழக்கம். முளைக்கும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று பெருகுகிறது. அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாக இறுகாமல் இளகலாக இருக்கும். அதாவது, குழந்தை விழுங்கும் பதத்திலேயே அதிக மாவைச் சேர்க்க முடியும். சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். சாதாரண மாவில் கஞ்சி இறுகிவிடும் என்று தண்ணீரை ஊற்றி ஊற்றி நீர்க்கச் செய்தால், வயிறு நிறையும், பிள்ளை எடை ஏறாது. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. தேன் கூடவே கூடாது.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரை, பயறு, தானியம் இவற்றின் இரும்பு உடம்பில் எளிதில் சேராது. உடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாம். காசு செலவில்லாத இந்த மாற்றத்தை எல்லா வீடுகளிலும் சொல்ல வேண்டும். மீனும் முட்டையும் ஈரலும் உண்ணும் வீடுகளுக்கு வேலை இன்னும் எளிது.

பாரம்பரியம் என்ற பெயரில் சில தவறான நம்பிக்கைகளும் கூடவே வந்துவிட்டன. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். மணமும் கொஞ்சம் தாதுக்களும் உண்டு. இரத்தத்தில் ஏறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த நிலையில், கருப்பட்டி காபி என்று நாலு டம்ளர் குடிப்பது ஆபத்து. சிறுதானியத்திலும் மாவுச்சத்து அரிசியை ஒட்டியே இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பதால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். தினைச் சோறென்றாலும் தட்டில் பாதி காய்கறிக்கு இடம் விட வேண்டும்.

செக்கெண்ணெய்க்கு மணம், ருசி இரண்டும் உண்டு. எனக்குப் பிரியமும் உண்டு. ஆனால் எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. அளவு குறையாமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. கடலையெண்ணெய் ஆட்டக் கொடுக்கும்போது பூஞ்சை பிடித்த, சுருங்கிய கடலையைப் பொறுக்கி எறிய வேண்டும். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற நச்சைச் சுத்திகரிப்பு ஆலை நீக்கிவிடும், செக்கு நீக்காது. உப்பில் ஆலையின் பக்கம்தான் நான். அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறினால் தைராய்டுக்குத் தேவையான அயோடின் கிடைக்காமல் போகலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது பெரிய இழப்பு. அயோடின் கலந்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது.

இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுகிறது என்று கேட்காமல் இந்தப் பேச்சை முடிப்பது நியாயமாகாது. ஊறவைப்பது, முளைகட்டுவது, அரைப்பது, ஆய்வது எல்லாம் ஒரு பெண் நாள் முழுக்க வீட்டில் இருந்த காலத்தின் கணக்கில் அமைந்தவை. எட்டு மணி நேரம் வேலைக்குப் போய்விட்டு வருபவரிடம் ‘பாட்டி செய்தாரே’ என்று சொல்வது கொடுமை. பாக்கெட் உணவு ஜெயித்ததற்கு ருசி மட்டும் காரணமில்லை, அவருடைய களைப்பும்தான். கீரை ஆய்வதும் தேங்காய் துருவுவதும் வெங்காயம் உரிப்பதும் கணவரும் பிள்ளைகளும் டிவி முன் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலைகள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈடு இட்லி மாவு, ஒரு ஈடு கேழ்வரகு–உளுந்து மாவு. முளைகட்டிய பயறு ஒரு டப்பா. ஒரு பருப்புப் பொடி, ஒரு எள்ளுப் பொடி. இது இருந்தால் வாரத்தின் ஐந்து காலைகள் கடந்துவிடும். கடையில் அரைத்த இட்லி மாவை வாங்குவது குற்றமும் அல்ல. அரிசி, உளுந்து, உப்பு மட்டும் இருந்தால் அது நான்காம் வகை இல்லை. சுத்தமாக அரைக்கும் இடமா, சோடா போடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுயஉதவிக் குழுக்கள் அரைத்துத் தரும் சத்துமாவும் அப்படித்தான்.

பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கவலை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரோடு போடுகிறார்கள். கூட இருக்கும் பிள்ளைகள் சாப்பிடும்போது மற்றவர்களும் சாப்பிடுகிறார்கள். வீட்டிலும் அதுவே விதி: பெரியவர்கள் தட்டில் இல்லாததைப் பிள்ளை தட்டில் மட்டும் வைத்தால் அது தண்டனையாகிவிடும். புது ருசி பிடிக்க எட்டு, பத்து தடவை கூடக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு வாய் தின்றுவிட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், அடுத்த வாரம் மறுபடி வைக்கலாம். அந்த இடத்தில் உடனே பிஸ்கட்டைக் கொடுத்து ஈடுகட்டாமல் இருப்பதுதான் முக்கியம். பிறந்தநாள் கேக்கையும் திருவிழாக் கடைப் பஞ்சுமிட்டாயையும் தடுக்க வேண்டியதில்லை. வீட்டு அலமாரியில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதைத்தான் முதலில் காலி செய்ய வேண்டும். இருப்பதைத் தூக்கி எறியாமல் தீரும் வரை தின்னவிட்டு, அடுத்த மாத மளிகைச் சீட்டில் பிஸ்கட், நூடுல்ஸ், மால்ட் பவுடர், குளிர்பானம் நான்கையும் எழுதாமல் விட்டு, அந்தப் பணத்துக்குக் கடலை, பயறு, முட்டை, பழம் என்று எழுதிக்கொண்டால் செலவு ஏறாமலே தொடங்கிவிடலாம்.